ஸ்டியரிங் லைட் எரிஞ்சா முதல்ல எர்த்தைப் பாருங்க

கனகம்மாசத்திரத்துல, திருவாலங்காட்டுக்குப் பிரியற ரோடு கிட்ட, ஒரு டீக்கடை ஓரமா காரைத் திருப்பிட்டு இருந்தேன். திடீர்னு ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. டேஷ்போர்டுல ஸ்டியரிங் படத்தோட மஞ்சள் லைட். பக்கத்து சீட்ல அம்மா. திருத்தணி மலைக்குப் போயிட்டு இருந்தோம். அம்மாவுக்கு முட்டி வலி, 365 படி ஏற முடியாது. அதனால மலைப்பாதையில கார்லயேதான் மேல போயாகணும். வளைவுல இப்படி இறுகிட்டா என்ன பண்றது?

இது முதல் தடவை இல்ல. சென்னையில ரெண்டு முறை இப்படி வந்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் சரியாச்சு. நான் சாஃப்ட்வேர்காரன், ரீஸ்டார்ட் பண்ணி ஓடினா அதுக்கு மேல கேள்வி கேக்க மாட்டேன். ஒரு ஒர்க்ஷாப்ல காட்டினப்போ, "ஸ்டியரிங் காலம் அசெம்பிளியே மாத்தணும், 38,000 ஆகும்"னாங்க. யோசிக்கிறேன்னு வந்துட்டேன்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடலாம். பழைய ஹைட்ராலிக் முறையில இன்ஜின் ஒரு ஆயில் பம்ப்பைச் சுத்தும். இதுல அதெல்லாம் கிடையாது. 1988ல சுசுகி செர்வோங்கிற குட்டிக் கார்ல வந்த ஐடியா, இன்னைக்கு நம்ம ஊரு சின்ன கார் வரைக்கும் வந்தாச்சு. நீங்க எவ்வளவு பலமா திருப்புறீங்கன்னு ஒரு டார்க் சென்சார் அளக்கும். கார் என்ன வேகத்துல போகுதுங்கிற தகவல் கேன் நெட்வொர்க் வழியா வரும். ரெண்டையும் வெச்சு ஒரு கன்ட்ரோல் யூனிட் கணக்குப் போட்டு மோட்டாரை ஓட்டும். மோட்டார் நின்னாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற இரும்புத் தொடர்பு அறுந்துடாது. கனமாகும், ஆனா திரும்பும். வண்டி ஓட்டத்துல இருந்தா பரவாயில்ல, நிக்கிறப்போதான் கை வலிக்கும்.

இப்போ முக்கியமான விஷயம். ஹைவேயில நேரா போறப்போ அந்த மோட்டார் கரண்ட்டே எடுக்காத மாதிரிதான். நின்ன இடத்துல முழுசா ஒடிச்சா, சட்டுனு 40, 50 ஆம்ப்னு இழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரை விட்டா கார்ல இவ்வளவு இழுக்கிறது ரொம்பக் கம்மி. அதனால வயரிங்ல எங்கேயாவது ஒரு ஜாயின்ட் சொதப்பினா, லைட்டும் ஹாரனும் சமாளிச்சுடும். முதல்ல கையைத் தூக்குறது ஸ்டியரிங்தான். வோல்டேஜ் 9, 10 கிட்ட இறங்கினா பல கார்கள்ல கன்ட்ரோல் யூனிட் மோட்டாரை நிறுத்திட்டு லைட்டைப் போட்டுடும். சரியான அளவு காருக்குக் கார் மாறும்.

டீக்கடைக்காரர் கைகாட்டின வயரிங் கடையில ஒரு அண்ணா. பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஸ்கேனர் எல்லாம் எடுக்கல. "தம்பி, நைட்ல ஸ்டியரிங் ஒடிச்சா ஹெட்லைட் மங்குதா?"ன்னு கேட்டார். மங்குது! பல மாசமா பார்த்துட்டு இருக்கேன், எனக்குத் தோணவே இல்ல. "பேட்டரி எப்போ மாத்தினே?" நாலு மாசம் முன்னாடி, அண்ணா. "அப்போ எர்த்தைப் பாப்போம்."

இன்ஜினை ஓடவிட்டு, என்னை ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னார். பேட்டரி ரெண்டு முனைக்கும் நடுவுல 13.4 வோல்ட். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் ஓகே. அடுத்து பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டியரிங்கோட பெரிய ஃப்யூஸ் தாண்டின இடத்துக்கும் நடுவுல 0.1. அதுவும் ஓகே. கடைசியா ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொண்ணை பாடியில பெயின்ட் இல்லாத இடத்துலயும் வெச்சார். 0.2க்குள்ள இருக்கணும். நான் ஒடிச்சதும் 4 வோல்ட் காட்டிச்சு, உடனே மஞ்சள் லைட்.

கணக்கு போட்டுப் பாருங்க. 40 ஆம்ப் ஓடுறப்போ 4 வோல்ட் தொலையுதுன்னா, அந்த ஜாயின்ட்ல வெறும் 0.1 ஓம் தடை. மோட்டாருக்குப் போக வேண்டிய 160 வாட் அங்கேயே சூடா வீணாகுது. பேட்டரிக்குக் கீழ பாடியில மாட்டியிருந்த எர்த் போல்ட்டைத் தொட்டேன், சுரீர்னுச்சு. லக் பூரா பச்சையா பூத்துப்போய் இருந்தது. பேட்டரி மாத்தினவங்க போல்ட்டைச் சரியா முறுக்கல போல.

நான் வீட்டுல இதே எர்த்தை மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி வெச்சுப் பார்த்திருக்கேன். பீப் அடிச்சுது, நல்லா இருக்குன்னு விட்டுட்டேன். ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் பீப் அடிக்கும்! சர்வர் பிங்குக்குப் பதில் சொல்லுது, லோடு வந்தா விழுது. வேலையில தினம் பாக்குற கதை, கார்ல பார்த்தப்போ எனக்குத் தெரியல. லோடு குடுத்துட்டுதான் அளக்கணும்.

எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவினார். 0.08 வோல்ட். பத்து தடவை ஒடிச்சேன், லைட் வரல. 150 ரூபா வாங்கினார். நாங்க மலைக்குக் கார்லயே போனோம். அம்மா ஒவ்வொரு வளைவுலயும் டேஷ்போர்டையேதான் பார்த்துட்டு வந்தாங்க.

எல்லாமே எர்த்னு சொல்லல. 2014ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ், பவர் ஸ்டியரிங் திடீர்னு நின்னுடலாம்னு சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சது. டார்க் சென்சார்ல பொதுவா ரெண்டு சிக்னல் இருக்கும், ஒண்ணை ஒண்ணு சரிபார்க்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா யூனிட் உதவியை நிறுத்திடும். அந்தக் கேஸ் ஒர்க்ஷாப்புக்குத்தான், மாத்தினா ஜீரோ பாயின்ட் காலிபரேஷனும் பண்ணணும். கேன் லைன் சந்தேகம்னா பேட்டரியைக் கழட்டிட்டு ஓபிடி சாக்கெட்ல 6க்கும் 14க்கும் நடுவுல அளங்க. ரெண்டு 120 ஓம் சேர்ந்து 60 கிட்ட வரணும். பார்க்கிங்ல முன்னும் பின்னும் பத்து தடவை ஒடிச்சதுக்கு அப்புறம் மட்டும் கனமாகி, கொஞ்ச நேரத்துல சரியாகுதா? சூட்டுக்காக யூனிட்டே குறைச்சுக்குது, அது பழுது இல்ல.

இன்னொண்ணு. ஆன்லைன்ல வாங்குற மலிவு புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் பி-யில ஆரம்பிக்கிற இன்ஜின் கோடைத்தான் படிக்கும். ஸ்டியரிங் கோடு சி-யிலயோ யு-லயோ வரும். "கோடே இல்ல"ன்னு அது சொன்னா நம்பிடாதீங்க. ஸ்டியரிங் காலம்ல இருக்கிற மஞ்சள் கனெக்டர்ல கையே வைக்காதீங்க, பொதுவா அது ஏர்பேக்.

ஒர்க்ஷாப்புக்குப் போறப்போ லைட் எப்போ வந்துச்சுன்னு எழுதிட்டுப் போங்க: நின்னப்போவா, ஓடுறப்போவா, ஏசி ஓடுச்சா, ஹெட்லைட் மங்குச்சா. அசெம்பிளி மாத்தணும்னு சொன்னா, ஒடிக்கும்போது எர்த் பக்கம் எத்தனை வோல்ட் விழுதுன்னு உங்க கண்ணு முன்னாடி அளந்து காட்டச் சொல்லுங்க.