புழுங்கல் அரிசியும் பெரிபெரியும்: நெகிரி செம்பிலானில் நடந்த ஓர் ஆய்வு

தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று பலகையில் எழுதியதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது பச்சைப் பயற்றுச் செடிதான். ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்று, இன்னொன்றுக்கு ஊற்றாதே, ஒரு வாரம் கழித்துப் பார். சரிதான். ஆனால் அதே முறையை மனிதர்களிடம், அதுவும் நம்ம மாநிலத்துக் காட்டுக்குள்ளே, நம் தோட்டத்து அரிசியை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அறிவியல் ஆசிரியர்களுக்கும் பயன்படும். கருத்துணர்தல் பயிற்சிக்குப் பகுதி தேடும் தமிழாசிரியர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நோயின் பெயர் பெரிபெரி. சிங்களத்தில் ‘முடியவில்லை’ என்று பொருள் தரும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பார்கள். பொருத்தமான பெயர்தான். முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தளரும், கெண்டைக்கால் சதையை அழுத்தினால் வலி தாங்காது. சிலருக்கு உடல் வற்றிப்போகும். சிலருக்குக் கால் முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுபோகும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் இந்த நோயால் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள்.

இதற்குக் காரணம் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம் அது. எந்த நோயைப் பார்த்தாலும் கிருமியைத் தேடுவார்கள். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட்டும், பெரிபெரி ஒரு கிருமி நோய், அது ஓர் இடத்தில் தங்கியிருந்து பரவுகிறது என்றே வாதாடினார்.

சிரம்பானில் இருந்த ஒரு மருத்துவர் அதை ஏற்கவில்லை. அவர் வில்லியம் லியோனார்ட் பிராடன், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை மருத்துவர். அவர் செய்தது, நம் பாடநூல் சொல்லும் ‘உற்றறிதல்’ தவிர வேறில்லை. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே கொசு. சீனருக்கு நோய் வருகிறது; தோட்டத்துத் தமிழருக்கு வருவதில்லை; கம்பத்து மலாய்க்காரருக்கும் அரிதாகத்தான் வருகிறது. மூவரும் சோறுதான் உண்கிறார்கள். அப்படியானால் வேறுபாடு எங்கே?

அரிசியில் இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்தது சியாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் சொந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்தார்கள். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதற்குப் பிறகு குத்தியது. பிராடன் பல ஆண்டுகள் தகவல் திரட்டி, 1907இல் பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றித் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிராடனின் உற்றறிதல் சரி, ஊகம் தவறு. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது, அவித்த அரிசியில் அது உண்டாவதில்லை என்று அவர் நினைத்தார். மலாய்க்காரர் புதிதாகக் குத்திய அரிசி உண்பதால் தப்பிக்கிறார்கள் என்பதும் இந்த ஊகத்துக்கு ஒத்துப்போனது. உண்மையில் அவர்களைக் காத்தது புதுமை அல்ல, கைக்குத்தலில் ஒட்டிக்கொண்டிருந்த தவிடு. சரியான உற்றறிதலிலிருந்து தவறான ஊகத்துக்கும் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தவிர, ‘தமிழருக்கு வரவில்லை’ என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. தமிழர் பருப்பும் புளியும் சேர்த்துக்கொள்கிறார்கள், வேலை வேறு, குடியிருப்பு வேறு. எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அரிசியை மட்டும் மாற்ற வேண்டும்.

அதைக் கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் செய்தார். இடம், மனநோயாளர் மருத்துவமனை. 1905 டிசம்பரில் தொடங்கி 1906 இறுதிவரை நடந்தது. நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பக்க வார்டிலும் இரட்டைப்படை எண்காரர்களை மறுபக்க வார்டிலும் வைத்தார். ஒரு பக்கத்துக்கு வெள்ளைப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடம்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஆண்டின் நடுவில் இரு தரப்பினரின் வார்டுகளையும் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை.

முடிவு: வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி, அவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தவர்கள் 2 பேர். இருவரும் வந்து சேரும்போதே நோயோடு வந்தவர்கள். 1907இல் இலண்டனின் ‘லான்செட்’ இதழில் பிளெட்சர் இதை வெளியிட்டார். அப்போதும் அவர் கிருமியை முழுதாகக் கைவிடவில்லை. வெள்ளை அரிசியில் நஞ்சு இருக்கலாம், அல்லது சத்துக் குறைவால் உடல் தளர்ந்து கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என்று இரண்டு வழியையும் திறந்தே வைத்தார்.

அந்தப் பதினெட்டுப் பேரை வேகமாகக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. இறந்தவர்கள் மனநோயாளிகள். ‘எனக்கு இந்த அரிசி வேண்டாம்’ என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்கள். யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை; அன்றைக்கு அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை. ஆய்வில் பங்கேற்பவரின் சம்மதம் கட்டாயம் என்பது 1947இல் நூரம்பர்க் நெறிகளில் எழுதப்பட்டது. 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் அதை விரித்தது. இன்று மலேசிய சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். வகுப்பில் பதினெட்டு என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். மாணவர்களே கேள்வி கேட்பார்கள்.

இனி நம்ம மாநிலத்துக்கு வருவோம். 1907இல் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் ஜெலுபு பக்கம் டுரியான் திப்புஸ் காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே சாலை போட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்கள் போயிருந்தார்கள். அதுவரை ஆள் குடியேறாத காடு என்பதால், முன்பே இருந்த கிருமி ஒட்டிக்கொண்டது என்று யாரும் வாதாட முடியாது. தொழிலாளர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணிக்கு வெள்ளை அரிசி, மற்ற அணிக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் ஒன்றுமில்லை. அதன் பிறகு வெள்ளை அரிசி அணியில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் அரிசி அணியை நோய் வந்த அதே இடத்துக்குக் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள்; அவர்களுக்கு வரவில்லை. பிறகு அரிசியையே மாற்றிக் கொடுத்தார்கள்; நோயும் பக்கம் மாறியது.

தற்சார்பு மாறி அரிசியின் வகை. சார்பு மாறி நோய் கண்டவர்களின் எண்ணிக்கை. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் வேலை, இருப்பிடம், மற்ற உணவு. மாணவர்கள் எழுத வேண்டிய விடை இவ்வளவுதான். ஆனால் ‘ஏன் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள்?’ என்ற கேள்விக்கு விடை எழுதுபவருக்குத்தான் உண்மையில் புரிந்திருக்கிறது என்பேன்.

காட்டிலிருந்து ஆய்வு கூடத்துக்குப் போனது. ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதை முன்பே கண்டிருந்தார். பிரேசரும் ஸ்டாண்டனும் கோழிகளை வைத்தே நஞ்சா, குறைபாடா என்று பிரித்தார்கள். புழுங்கல் அரிசியைச் சூடான ஆல்கஹாலில் ஊறவைத்து அதிலிருந்து ஒரு சாற்றை எடுத்தார்கள். சாறு போன அரிசியைத் தின்ற கோழிகளுக்கு நோய் வந்தது. அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தால் வெள்ளை அரிசி தின்ற கோழியும் பிழைத்தது. வெள்ளை அரிசியில் வேண்டாத ஒன்று இருந்து கொல்லவில்லை, வேண்டிய ஒன்று இல்லாமல் போய்த்தான் கொன்றது. 1910இல் மணிலாவில் கூடிய மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

அந்த ‘ஒன்று’ தயாமின், அதாவது வைட்டமின் பி1. 1926இல் ஜான்சென், டோனத் என்ற இருவர் ஜாவாவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாக உண்டாக்கினார். நாம் உண்ணும் மாவுச்சத்தை ஆற்றலாக மாற்ற உடலுக்குத் தயாமின் வேண்டும். அது குறைந்தால் முதலில் அடிபடுவது நரம்பும் இதயமும். உடம்பில் இருக்கும் இருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். டுரியான் திப்புஸில் முதல் மாதங்கள் அமைதியாகக் கழிந்ததற்குக் காரணம் இதுதான்.

புழுங்கல் அரிசி எப்படிக் காத்தது? தயாமின் நீரில் கரையும். அது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அது கரைந்து உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும்.

‘அன்றே நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள்!’ என்று இதை வைத்துச் சிலர் கட்டுரையை முடிப்பார்கள். அப்படி எழுத வேண்டாம். வைட்டமினைத் தெரிந்துகொண்டு யாரும் நெல்லை அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசியும் நீண்ட நாள் கெடாது, அதனால் அவித்தார்கள். பலன் கூடவே வந்தது. தமிழர் இரத்தத்தில் தனிப் பாதுகாப்பு ஏதும் இல்லை என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கிடைத்தது தீட்டிய அரிசி, அதுவும் அரை வயிற்றுக்கு. மலேரியா, காலராவோடு பெரிபெரியும் அங்கே ஆள் தின்றது. காரணமும் மருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த நோய் அது.

உயர்நிலை மாணவர்களுக்கு இன்னொரு கேள்வியும் வைக்கலாம். பிளெட்சரின் ஒற்றை-இரட்டைப் பிரிப்பு முழுக்க நியாயமானதா? அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்று மருத்துவருக்கு முன்கூட்டியே தெரியுமே. தெரிந்தால், அறியாமலேயே பலசாலியை ஒரு பக்கம் தள்ளிவிட வாய்ப்புண்டு. இந்த ஓட்டையை அடைத்தது சீட்டுக் குலுக்கல் போன்ற பிரிப்பு முறை. 1947இல் காசநோய்க்கான ஸ்டிரெப்டோமைசின் மருந்தைப் பிரிட்டனில் அப்படித்தான் சோதித்தார்கள். பிறகு 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து உண்பவர் யார், சானடோரியத்தில் தங்குபவர் யார் என்பதையும் அவ்வாறே பிரித்தார்கள். நெரிசலான வீட்டில் இருந்து மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். அதற்குப் பிறகு, காசநோய் என்றால் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடக்க வேண்டும் என்ற நிலை உலகெங்கும் மாறத் தொடங்கியது.

பெரிபெரியே இன்று இல்லையா என்றால், இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்துச் சாராயத்திலேயே நாளைக் கழிப்பவர்களுக்குத் தயாமின் குறைந்து, நடை தள்ளாடி, கண் நிலைகொள்ளாமல், நினைவு தப்பிப்போகும். ‘போதையில் இருக்கிறான், விடு’ என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். மருத்துவமனையில் தயாமின் ஊசி போட்டால், அதுவும் சீக்கிரம் போட்டால், பலர் மீள்வார்கள். தாமதமானால் போன நினைவு முழுதாகத் திரும்பாது. தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நாம் இதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். யார் வீட்டில் பயன்படும் என்று நமக்குத் தெரியாது.