கணினி வலை என்பது யாது?

வீட்டு வரி செலுத்த ஊராட்சி அலுவலகத்திற்கு வரும் விவசாயியிடம், "இன்று நெட் இல்லை, நாளை வாருங்கள்" என்று கூறி அனுப்புகிறோம். அவர் அரைநாள் வேலையை இழந்து திரும்புகிறார். பழுது எங்கே நேர்ந்தது என்று அறிந்தால், பல சமயங்களில் அவரைத் திருப்பி அனுப்ப நேராது. ஆதலின், ஊராட்சிப் பொறுப்பில் இருப்போர் கணினி வலையின் அமைப்பை ஓரளவேனும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றிலுள்ள செய்தி மற்றொன்றுக்குச் செல்லுமாறு செய்தால் அதுவே ஒரு வலையாகும். அலுவலகத்திலுள்ள கணினிகளும் அச்சுப்பொறியும் ஒரு சிறிய ஸ்விட்சுப் பெட்டியில் வந்து சேர்கின்றன, இது உள்வலை. இத்தகைய எண்ணற்ற சிறு வலைகளை ஒன்றோடொன்று பிணைத்த பெருவலையே இணையம். உள்வலையிலிருந்து வெளியே செல்லும் செய்திக்கு வழிகாட்டி அனுப்பும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர்.

செய்தி எவ்வாறு செல்கிறது? பழைய டிரங்க் தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை அந்த வழி அவர்களுக்கே உரியதாக இருந்தது. கணினி வலையில் அவ்வாறன்று. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தைத் திருச்சிச் சந்தைக்கு அனுப்பும்போது, நூறு மூட்டைகளும் ஒரே லாரியில் ஏறவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், வரிசை எண் ஆகியவற்றை எழுதிவிட்டால், எந்த லாரியில் எவ்வழியாகச் சென்றாலும் சந்தையில் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம். கணினியும் செய்தியைச் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முகவரியும் எண்ணும் இட்டு அனுப்புகிறது. வழியில் ஒன்று தவறினால் அதை மட்டும் மீண்டும் அனுப்புகிறது. (வெங்காய வியாபாரத்தில் இந்த வசதி இல்லை!) இம்முறைக்கான விதிகளை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974-இல் வெளியிட்டனர். முகவரி என்பது எண்களால் ஆனது, ஐ.பி. முகவரி என்பர். நமது நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 முதல்.

ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதற்கென டான்ஃபிநெட் நிறுவனம் அமைக்கப்பட்டது. இவற்றுள் பெரம்பலூர் மாவட்டத்தின் 121 ஊராட்சிகளும் அரியலூர் மாவட்டத்தின் 201 ஊராட்சிகளும் அடங்கும். தலைமயிர் போன்று மெல்லிய கண்ணாடி இழையினுள் ஒளி, வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் நீர் கிளைகளாகப் பிரிந்து கரைவெட்டி போன்ற ஏரிகளை அடைவதுபோல, ஒன்றியத் தலைமையிடம்வரை வரும் இழை அங்கிருந்து ஊராட்சிகளுக்குப் பிரிகிறது. ஆனால் வாய்க்கால் நீர் ஒரு திசையில்தான் ஓடும். இழையிலோ செய்தி இருதிசையிலும் ஓடுகிறது.

இனி, பழுதைக் காண்பது எவ்வாறு? சுவரிலுள்ள இழைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். இழை எங்கோ அறுந்திருக்கலாம். அவ்விளக்கு எரியாமல், மற்ற விளக்குகள் பச்சையாய் இருந்தும் கணினி இயங்காவிடில், குற்றம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்கும். பிற இணையதளங்கள் திறந்து, ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையாயின், தொலைவிலுள்ள சர்வரில்தான் கோளாறு. அதற்கு நம் கருவியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. நான் பணியாற்றிய ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி மூன்று நாட்கள் இணைப்பின்றி இருந்தது. நேரில் சென்று பார்த்தபோது, மின்விசிறிக்காக ஸ்விட்சுப் பெட்டியின் பிளக்கை எவரோ பிடுங்கியிருந்தனர். மூன்று நாட்களும் மக்கள் வந்து வந்து திரும்பினர். விளக்குகளைப் பார்க்கவேண்டும் என்று அலுவலகத்தாருக்கு நானும் அதுவரை சொல்லியதில்லை.

வெளியே அறுவதற்குப் பெருங்காரணம் மண் தோண்டும் இயந்திரமே. குடிநீர்க் குழாய்க்கோ சாலைக்கோ பள்ளம் எடுக்குமுன், இழை செல்லும் தடத்தைக் கேட்டுச் சுண்ணாம்பால் கோடிடச் செய்யலாம். மின்கம்பங்களில் செல்லும் கருநிற வடத்தைப் பழைய கேபிள் டி.வி. கம்பி என எண்ணி வெட்டியெறிவோரும் உண்டு. அது தாழ்ந்து தொங்கினால் தொடாமல், கம்பத்தின் எண்ணைக் குறித்து ஒன்றிய அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். பழுது பார்ப்போர் தேடி அலையாமல் நேரே அவ்விடத்திற்கே வருவர்.