இடைநிலைப்பள்ளிகளில் மாணவர் நெரிசலும் சமூகத்தின் முயற்சிகளும்: செலாயாங் வட்டாரத்தை முன்வைத்து

மலேசியத் தமிழ்க்கல்வி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுகின்றன. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் இது இயல்பே. ஆயினும், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுக் கல்வியை முடித்து வெளியேறும் மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் தேசிய இடைநிலைப்பள்ளிகளையே சென்றடைகின்றனர். அங்கு அவர்களை எதிர்கொள்வது பயிற்றுமொழி மாற்றம் மட்டுமன்று; இடநெருக்கடியும் ஆகும். அந்நெருக்கடி எவ்வாறு தோன்றியது, அது தமிழ் மாணவரை எவ்வகையில் தாக்குகிறது, அதனைத் தணிக்கச் சமூகம் எடுக்கும் முயற்சிகளுள் எவை பயன்தரக்கூடியவை என்பனவற்றைச் செலாயாங் வட்டாரத்தை மனத்திற்கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நெரிசலின் தோற்றம்

1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையையும் அதனையொட்டி இயற்றப்பட்ட 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையும் தொடர்ந்து, நாட்டின் இடைநிலைக் கல்வி பெருமாற்றத்திற்கு உள்ளானது. அதுவரை ஆறாம் ஆண்டின் முடிவில் நடத்தப்பெற்ற நுழைவுத் தேர்வே யார் இடைநிலைப்பள்ளிக்குச் செல்வது என்பதைத் தீர்மானித்து வந்தது. அத்தேர்வு 1964இல் நீக்கப்பட்டது. 1965 முதல் தொடக்கக்கல்வியை முடித்த மாணவர் அனைவரும் மூன்றாம் படிவம் வரை தொடர்ந்து பயிலும் வாய்ப்பைப் பெற்றனர். ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இஃது ஒரு பெருங்கொடையே என்பதில் ஐயமில்லை. ஆனால், பிள்ளைகள் வந்த வேகத்தில் கட்டடங்கள் எழவில்லை. ஒரே கட்டடத்தை இரு வேளையும் பயன்படுத்துவதே அன்றைய தீர்வாயிற்று. மேற்படிவத்தினர் காலையிலும், புகுமுக வகுப்பு, முதலாம், இரண்டாம் படிவத்தினர் பிற்பகலிலும் பயிலும் இருவேளைப் பள்ளிமுறை அவ்வாறு வேரூன்றியது. இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட ஒன்று தலைமுறைகளைக் கடந்து நீடித்தமை நம் கல்வி வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

செலாயாங்கின் வளர்ச்சி இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. அவசரகாலத்தில் அமைக்கப்பட்ட புதுக்கிராமம் ஒன்றைக் கொண்டிருந்த இவ்விடம், 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது எல்லைக்கு இப்பால் சிலாங்கூர் மாநிலத்தின் பகுதியாகவே நின்றது. தலைநகரில் வேலை, செலாயாங்கில் வீடு என்ற வாழ்க்கைமுறை பெருகப் பெருக, குடியிருப்புத் திட்டங்களும் அடுக்குமாடி வீடுகளும் பெருகின. 1997இல் செலாயாங் நகராண்மைக் கழகம் உருவானது. 1999இல் செலாயாங் மருத்துவமனை திறக்கப்பட்டது. வீடுகள் பெருகுவதற்கு ஓரிரு ஆண்டுகள் போதும். ஓர் இடைநிலைப்பள்ளி எழுவதற்கோ பல ஆண்டுகள் வேண்டும்.

எல்லையும் ஒரு சிக்கலே. சாலைக்கு அப்பால் உள்ள பள்ளி கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவைச் சார்ந்தது. இப்பால் உள்ளது சிலாங்கூர் மாநிலக் கல்வி இலாகாவின்கீழ் கோம்பாக் மாவட்டத்தைச் சார்ந்தது. நடந்து செல்லும் தொலைவில் இருப்பினும் நிர்வாகத்தின் பார்வையில் அது வேற்று மாநிலப் பள்ளி.

தமிழ் மாணவர் இழப்பது என்ன?

நெரிசல் என்றவுடன் ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட நாற்காலிகள் நெருங்கிக் கிடக்கும் காட்சியே நினைவிற்கு வரும். அஃது அனைத்து இனத்தார்க்கும் பொதுவான துன்பம். தமிழ் மாணவர்க்கு அதனினும் நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்றே, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கோரினால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்கிறது. சட்டப்படி இது பள்ளி முழுமைக்குமான எண்ணிக்கை. நடைமுறையில் நிகழ்வதோ வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். இருவேளைப் பள்ளி ஒன்றில் 30 தமிழ் மாணவர்கள் உள்ளனர். அவர்களுள் 14 பேர் பிற்பகலிலும் 16 பேர் காலையிலும் பயில்கின்றனர். அவர்களும் ஐந்து படிவங்களில் சிதறிக் கிடக்கின்றனர். அவர்களை ஒன்றுசேர்க்கப் பொதுவான ஒரு மணி நேரம் கால அட்டவணையில் கிடைப்பதில்லை. காலை மாணவர்க்குப் பள்ளி முடிந்தபின் தாய்மொழி வகுப்பை நடத்தலாம் எனில், அவர்கள் எழுந்த இருக்கையில் பிற்பகல் மாணவர் வந்து அமர்ந்துவிடுகின்றனர். பிற்பகல் மாணவரை முன்கூட்டியே வரச்செய்யலாம் எனில், காலையில் காலி அறையே இல்லை. எஞ்சுவன சிற்றுண்டிச்சாலையின் ஓர் ஓரமும் சனிக்கிழமையும்தாம். சனிக்கிழமையில் பள்ளிப் பேருந்து ஓடாது. ஆசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கின்றனர், சட்டமும் இடமளிக்கிறது. அறையும் நேரமும் இல்லாமையால் தமிழ் நழுவிப் போகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எடுப்போரின் எண்ணிக்கை குறித்துக் கவலைப்படுவோர், மாணவரின் ஆர்வமின்மையைப் பேசும் அளவிற்கு இவ்வறைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

புகுமுக வகுப்பு இச்சுமையை மேலும் கூட்டுகிறது. மலாய்மொழியில் வேண்டிய அடைவு பெறாத தாய்மொழிப்பள்ளி மாணவர் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு கூடுதலாகப் பயில வேண்டும். பள்ளியின் கணக்கில் அது மேலும் சில அறைகள். மாணவரின் கணக்கில் மேலும் ஓராண்டுப் பிற்பகல் பள்ளி.

பணமா, நிலமா?

நம் சமூகத்திற்குக் கல்விக்காகக் கொடுத்துப் பழக்கம் உண்டு. கோ. சாரங்கபாணி முன்னின்று திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியை இத்துறையின் வரலாறு அறிந்தோர் மறக்கவியலாது. தமிழகத்திலும் 1958 முதல் காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்கள் தத்தம் பள்ளிக்கு வேண்டிய கட்டடம், இருக்கை, கடிகாரம் முதலியவற்றைத் தாமே பட்டியலிட்டுத் தாமே வழங்கினர். இம்மரபின் தொடர்ச்சியாகவே நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விருந்து நிகழ்ச்சி, நெடுநடை, நன்கொடைச் சீட்டு எனப் பணம் திரட்டுகின்றன.

ஆனால் இடைநிலைப்பள்ளி நெரிசலுக்குப் பணம் மட்டும் மருந்தாகாது. 1998ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் இயங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மின்விசிறி வாங்கலாம். நடைபாதைக்குக் கூரை போடலாம். உரிய ஒப்புதல் பெற்று மண்டபம் ஒன்றை எழுப்பவும் துணைநிற்கலாம். புதிய பள்ளியை அதனால் உருவாக்க இயலாது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமோ மாநில அரசாங்கத்தின் உரிமை. பணம் ஒதுக்குபவர் ஒருவர், நிலம் ஒதுக்குபவர் இன்னொருவர். 2008 முதல் 2018 வரை சிலாங்கூரிலும் புத்ராஜெயாவிலும் வெவ்வேறு கூட்டணிகள் ஆட்சி நடத்திய காலத்தில், இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது எத்துணைக் கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இருக்கும் பள்ளியின் திடலில் இணைக்கட்டடமோ கொள்கலன் வகுப்பறைகளோ வைப்பதும் உண்டு. அறை கிடைக்கும், திடல் போகும். ஒரே நுழைவாயில், ஒரே சிற்றுண்டிச்சாலை, அதே கழிப்பறைகள் கூடுதல் மாணவரைத் தாங்க வேண்டியனவாகும்.

இத்தகைய இக்கட்டிலிருந்து மீண்ட ஒரு வட்டாரத்தின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில், கிழக்குப் பகுதித் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற கார்ஃபீல்டு உயர்நிலைப்பள்ளி 1925இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் அங்கு 4,000க்கும் மேற்பட்டோர் பயின்றனர். நெரிசல் மிகுந்த பள்ளிகளை அங்குள்ள கல்வி நிர்வாகம் இருவேளையாக்காமல், மாணவரைப் பிரிவுகளாக்கி ஆண்டு முழுதும் மாறிமாறி வரச்செய்தது. அம்முறைகளுள் ஒன்றில் வழக்கமான 180 பள்ளி நாள்கள் 163 ஆகக் குறைந்தன. ‘இன்னர்சிட்டி ஸ்ட்ரகிள்’ என்னும் சமூக அமைப்பு பெற்றோரையும் மாணவரையும் திரட்டியது. அவர்கள் பணம் திரட்டவில்லை. பள்ளிக்கட்டடக் கடன்பத்திரங்களின் வழியாக நகர்க்கல்வி நிர்வாகத்திடம் பணம் வந்திருந்தது. தங்கள் வட்டாரத்திற்கு ஒரு புதிய பள்ளி வேண்டும் என்பதையே அவர்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தினர். கார்ஃபீல்டின் சுமையைக் குறைக்க எஸ்தபான் டோரஸ் உயர்நிலைப்பள்ளி 2010இல் திறக்கப்பட்டது. மறுபுறம், 2000இல் தொடுக்கப்பட்ட வில்லியம்ஸ் வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தபோது, நாள்களைக் குறைக்கும் அம்முறை 2012க்குள் கைவிடப்பட வேண்டுமெனக் காலக்கெடு விதிக்கப்பட்டது. எண்ணிக்கையை நிறுவுவதும் நிலத்தைக் கேட்பதுமே அப்பெற்றோர் ஆற்றிய பணி.

செலாயாங்கில் இயலக்கூடியவை

நம் நாட்டிலும் இதற்கான வாயில் திறந்தே உள்ளது. அதனுள் நுழைவோர்தாம் குறைவு. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்ட வரைவைக் குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து மறுப்புகளைக் கேட்க வேண்டும். எந்த நிலம் பள்ளிக்கு, எந்த நிலம் கடைவீட்டிற்கு என்பது அவ்வரைபடத்தில் வண்ணங்களாகத் தீட்டப்பட்டிருக்கும். வீடமைப்பு நிறுவனங்கள் பள்ளிக்கென விட்டுக்கொடுத்த நிலம், 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் அரசிதழில் ஒதுக்கீட்டு நிலமாகப் பதிவு பெற்றுள்ளதா என்பதையும் நில அலுவலகத்தில் கேட்டறியலாம். வரைபடத்தில் மட்டும் பள்ளி என்றிருந்து அரசிதழில் இல்லாத நிலம் உறுதியான நிலமன்று. தோட்ட முதலாளியின் நிலத்தில் இயங்கிய தமிழ்ப்பள்ளிகள் தோட்டம் விற்கப்பட்டபோது பட்ட பாட்டால் நம் சமூகம் இப்பாடத்தை நன்கு கற்றுள்ளது. அவ்வறிவைத் தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் பயன்படுத்துவதில்தான் தயக்கம் தெரிகிறது. அது ‘நம்முடைய’ பள்ளியன்று என்னும் எண்ணமே காரணம் போலும். ஆறாண்டுக்குப்பின் நம் பிள்ளைகள் அமர்வது அங்குத்தான்.

புதிய பள்ளி வரும்வரை செய்யத்தக்க சிறு பணியும் ஒன்றுண்டு. பத்துமலைத் தமிழ்ப்பள்ளி போன்ற வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆறாம் ஆண்டு மாணவர் எந்தெந்த இடைநிலைப்பள்ளிகளுக்குச் செல்லவிருக்கின்றனர் என்பதை முன்கூட்டியே திரட்டலாம். ஐந்து பள்ளிகளில் ஆறு ஆறு பேராகச் சிதறும் 30 மாணவர், இரண்டு பள்ளிகளுக்குப் பதினைந்து பதினைந்து பேராகச் செல்ல விண்ணப்பித்தால் ஒவ்வொரு பள்ளியிலும் சட்டம் கூறும் எண்ணிக்கை நிறைவுறும். ஒரே படிவத்தில், ஒரே வேளையில் பயில்வோராதலின், அவர்களுக்குக் கால அட்டவணையில் பொதுவான ஒரு மணி நேரத்தைக் காண்பதும் எளிது. அப்பெற்றோர் பதினைவரும் தனித்தனியே பள்ளி முதல்வரைச் சந்திப்பதைவிட, ஆண்டுத் தொடக்கத்திலேயே, கால அட்டவணை வகுக்கப்படுமுன், கூட்டாகக் கையொப்பமிட்ட ஒரே கடிதத்தை அளிப்பது நன்று.