கிறிஸ்துமஸ் ஒயினைக் காடியாக்கும் காலியிடம்: சரியான ஜாடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் தயாரிக்கும் வழக்கம் சிங்கப்பூரிலுள்ள தமிழ், மலையாளக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் தொடர்கிறது. அக்டோபர் மாதம் திராட்சையைக் கசக்கி, சர்க்கரை, கிராம்பு, பட்டை சேர்த்து ஜாடியில் இட்டுவைத்தால், பெருநாளன்று வீட்டுக்கு வரும் உறவினர்களுக்குக் கேக்குடன் பரிமாற ஒயின் தயாராகிவிடும்.

ஆனால் அதே கைப்பக்குவம், அதே பொருள்கள் என்றாலும் ஓர் ஆண்டு மணமாக வரும் ஒயின் மறு ஆண்டு புளித்துப்போவதுண்டு. பழி பெரும்பாலும் திராட்சைமீதோ ஈஸ்ட்மீதோ விழும். பல நேரங்களில் உண்மையான காரணம், ஜாடிக்குள் ஒயினுக்கு மேலே விடப்பட்ட காலியிடம்தான்.

முதலில் இடம் வேண்டும், பிறகு கூடாது

ஒயின் தயாரிப்பில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதல் கட்டத்தில் ஈஸ்ட், சர்க்கரையை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு கிலோ சர்க்கரை முழுமையாக நொதித்தால் 250 லிட்டருக்கும் அதிகமான கரியமில வாயு வெளியேறும். அந்த வாயு திராட்சைத் தோல்களை மேலே தள்ளி நுரை கட்ட வைக்கும். ஜாடியை விளிம்புவரை நிரப்பினால் நுரை வழிந்து தரையெல்லாம் பிசுபிசுப்பாகும்; எறும்பும் பழ ஈயும் தேடி வரும். அதனால் இந்தக் கட்டத்தில் பாத்திரத்தின் முக்கால் பங்குக்குமேல் நிரப்பக்கூடாது. தொடக்கத்தில் ஈஸ்ட் பெருக ஓரளவு உயிர்வாயுவும் தேவை என்பதால் காலியிடம் இருப்பதில் கெடுதல் இல்லை.

இரண்டாம் கட்டம் இதற்கு நேர்மாறானது. நொதித்தல் அடங்கி, தோலையும் விதையையும் வடிகட்டிய பிறகு ஒயின் தெளியத் தொடங்கும். அப்போது வாயு வெளியேறுவது ஏறக்குறைய நின்றுவிடும். அதுவரை ஒயினுக்கு மேலே போர்வைபோல் இருந்த கரியமில வாயு, மூடியைத் திறந்த சிறிது நேரத்திலேயே காற்றோடு கலந்துவிடும். அந்த இடத்தைப் பிடிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வாயு.

மதுசாரத்தைக் காடியாக மாற்றும் அசெட்டோபேக்டர் என்ற கிருமிக்குத் தேவையானது அந்த உயிர்வாயுதான். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அது நன்றாக வளரும். சிங்கப்பூர் வீட்டுச் சமையலறையின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதுவே. குளிர்நாட்டு நிலவறையில் மெல்ல நடக்கும் கேடு, இங்கு விரைவாக நடந்துவிடுகிறது.

அரை லிட்டர் காற்று என்ன செய்யும்?

ஐந்து லிட்டர் ஜாடியில் நான்கரை லிட்டர் ஒயின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே அரை லிட்டர் காற்று. பார்வைக்கு அது சிறிய இடைவெளியாகவே தெரியும்.

அந்த அரை லிட்டர் காற்றில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் உயிர்வாயு உண்டு. ஒரு லிட்டர் ஒயினுக்குக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஒயினில் ஒரே நேரத்தில் கரையக்கூடிய உயிர்வாயு ஏறத்தாழ எட்டு மில்லிகிராம்தான். கரைந்தது வினைபுரிந்து தீரத் தீர, மேலே இருப்பது மீண்டும் கரைந்துகொண்டே இருக்கும். ருசி பார்க்க மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய காற்று உள்ளே செல்லும்.

காற்று படும் பரப்பும் முக்கியம். ஜாடியின் வயிற்றுப் பகுதி 16 செண்டிமீட்டர் அகலம், கழுத்து மூன்று செண்டிமீட்டர் அகலம் என்றால், ஒயின் வயிற்றளவில் நிற்கும்போது காற்று படும் பரப்பு, கழுத்துவரை நிற்கும்போது இருப்பதைப்போல் 28 மடங்கு. கழுத்து குறுகிய ஜாடியைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஊறுகாய்க்குப் பயன்படும் வாயகன்ற பீங்கான் பரணி முதல் கட்டத்துக்குப் பொருத்தமானது. இரண்டாம் கட்டத்துக்கு அது ஏற்றதன்று.

‘கேலன்’ தரும் குழப்பம்

ஒயின் தயாரிப்புக் குறிப்புகளில் ‘ஒரு கேலன்’ என்ற அளவு அடிக்கடி வரும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 760 மில்லிலிட்டர். வழக்கமான ஒயின் போத்தல் ஒன்றின் கொள்ளளவு 750 மில்லிலிட்டர். அதாவது, அமெரிக்கக் குறிப்பைப் பின்பற்றிச் செய்த ஒயினைப் பிரிட்டிஷ் கேலன் ஜாடியில் ஊற்றினால், ஒரு முழுப் போத்தல் அளவுக்குக் காலியிடம் மிஞ்சும்.

கடையில் விற்கும் ஜாடியின் மேல் அச்சிட்ட அளவை மட்டும் நம்பவும் வேண்டாம். அது விளிம்புவரை உள்ள அளவா, கழுத்துவரை உள்ள அளவா என்பது ஜாடிக்கு ஜாடி மாறும். ஒரு லிட்டர் அளவுக்குவளையால் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் வெளிப்பக்கம் நாடாத்துண்டு ஒட்டிக் குறித்துக்கொண்டால் பிறகு ஊகிக்க வேண்டியிருக்காது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

இரண்டு கிலோ திராட்சை, ஒன்றரை கிலோ சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர் நான்கு லிட்டர் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நான்கு லிட்டர்தானே என்று ஐந்து லிட்டர் ஜாடியை எடுத்தால் வழிந்துவிடும். கரைந்த சர்க்கரையும் இடம் பிடிக்கும்: ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.6 லிட்டர். கசக்கிய திராட்சை சுமார் 1.9 லிட்டர் பிடிக்கும். மொத்தம் 6.8 லிட்டருக்கு அருகில் வரும். முக்கால் பங்கு விதிப்படி பார்த்தால் இதற்குப் பத்து லிட்டர் பாத்திரம் தேவை.

நொதித்தல் அடங்கியதும் தோலும் விதையும் வடிகட்டப்படும். அடியில் தங்கும் மண்டியைவிட்டுத் தெளிவை இறுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 5.7 லிட்டர். இதை மீண்டும் அதே பத்து லிட்டர் பாத்திரத்தில் ஊற்றிவைப்பதுதான் பலர் செய்வது. அப்போது ஒயினுக்கு மேலே நான்கு லிட்டருக்கும் அதிகமான காற்று இருக்கும்.

சரியான வழி, ஐந்து லிட்டர் ஜாடி ஒன்றை முழுமையாக நிரப்பி, மீதமுள்ள 700 மில்லிலிட்டரை ஒரு 750 மில்லிலிட்டர் போத்தலில் ஊற்றி வைப்பது. சில வாரங்கள் கழித்து இரண்டாவது முறை இறுக்கும்போது பெரிய ஜாடியில் கால் லிட்டர் மண்டியாகக் கழியும். அந்தக் குறையைச் சிறு போத்தலில் இருந்து ஈடுகட்டலாம். போத்தலில் எஞ்சும் 450 மில்லிலிட்டரை 375 மில்லிலிட்டர் அரைப்போத்தலுக்கு மாற்றினால், ருசி பார்க்க அரைக் குவளையும் கிடைக்கும்.

கடைசியில் போத்தலில் அடைக்கும்போது ஐந்து லிட்டரில் ஆறு முழுப் போத்தல்கள் நிரம்பும். அதற்கு நான்கரை லிட்டர் போகும். அடிமண்டி சிறிது போக எஞ்சுவது மற்றோர் அரைப்போத்தலுக்குச் சரியாக இருக்கும். ஆக, ஆறு போத்தல்கள், இரண்டு அரைப்போத்தல்கள். எதிலும் காலியிடம் இல்லை. எத்தனை போத்தல் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஜாடியின் அளவு தானாகவே புலப்படும்.

குறை விழுந்தால் எப்படி நிரப்புவது?

சிறு போத்தலில் எடுத்துவைக்க மறந்துவிட்டாலும் வழியுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

சிறிய ஜாடிகளுக்கு மாற்றுதல்: நான்கரை லிட்டர் ஒயின் என்றால் மூன்று லிட்டர் ஜாடி ஒன்றும் ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றும் போதும். ஒயினின் சுவையும் செறிவும் மாறாது. வீட்டில் பல அளவுகளில் ஜாடிகள் இருப்பது இதற்கு உதவும்.

கடையில் வாங்கிய ஒயினைச் சேர்த்தல்: அதே வகை, அதே இனிப்பு என்றால் அரை லிட்டர் சேர்ப்பதால் சுவை பெரிதாக மாறாது.

தண்ணீர் சேர்த்தல்: 12 விழுக்காடு மதுசாரமுள்ள நான்கரை லிட்டர் ஒயினில் அரை லிட்டர் தண்ணீர் சேர்த்தால் மதுசாரம் 10.8 விழுக்காடாகக் குறையும். புளிப்பும் மணமும் அதே அளவில் குன்றும். ஒயினைக் காக்கும் மதுசாரமும் புளிப்பும் நீர்த்துப்போவதால் இது கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும்.

கண்ணாடிக் கோலிக்குண்டுகள்: சுத்தமாகக் கழுவி, கொதிநீரில் இட்டு ஆறவைத்த கோலிக்குண்டுகளை ஜாடிக்குள் இட்டால் ஒயின் மட்டம் உயரும். 16 மில்லிமீட்டர் கோலி ஒன்று பிடிக்கும் இடம் ஏறத்தாழ இரண்டு மில்லிலிட்டர். அரை லிட்டரை ஈடுகட்ட 230க்கும் அதிகமான கோலிகள் வேண்டும். அவற்றின் எடை ஒரு கிலோவைத் தாண்டும். கண்ணாடி ஜாடியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக உருட்டிவிட வேண்டும். நூறு மில்லிலிட்டர், இருநூறு மில்லிலிட்டர் குறைக்கு இது நல்ல உத்தி. அதற்குமேல் சிறிய ஜாடியே சுலபம்.

கழுத்துவரை நிரப்பும்போதும் மூடிக்குக் கீழே இரண்டு, மூன்று செண்டிமீட்டர் இடம் விட வேண்டும். குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் நிரப்பிய ஐந்து லிட்டர் ஒயின், மறுநாள் 32 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ பத்து மில்லிலிட்டர் விரியும். குறுகிய கழுத்தில் அது ஒன்றரை செண்டிமீட்டர் உயரம்.

போத்தல் வெடிக்காமல் இருக்க

காற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக, நொதித்தல் முடியாத ஒயினை இறுக மூடுவது ஆபத்து. வெளியேற வழியில்லாத கரியமில வாயு, கண்ணாடிப் போத்தலையே வெடிக்கச் செய்யலாம். வாயு வெளியேறவும் காற்று உள்ளே வராமலிருக்கவும், நீர் நிரப்பிய ஏர்லாக் குழாயைப் பொருத்துவது நல்லது. மிச்ச ஒயின் உள்ள சிறு போத்தலுக்கு, ஊசியால் துளையிட்ட பலூனை வாயில் மாட்டினாலும் போதும்.

குமிழி நின்றதை மட்டும் வைத்து நொதித்தல் முடிந்ததாகக் கருத முடியாது. ஹைட்ரோமீட்டர் எனும் அடர்த்திமானியில் சில நாள் இடைவெளியில் பார்க்கும் அளவுகள் மாறாமல் இருக்க வேண்டும். வீட்டு ஒயின் பெரும்பாலும் இனிப்பானது. எஞ்சிய சர்க்கரை மீண்டும் நொதிக்கக்கூடும். அதனால் போத்தலில் அடைத்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் அருந்திவிடுவதே பாதுகாப்பு.

எந்தப் போத்தலிலும் சேராத மிச்சம் இருந்தால் அதை அரைகுறையாக நிரம்பிய ஜாடியில் விட்டுவைக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களில் குடித்துவிடலாம். கேக்குக்கான உலர்பழங்களை ஊறவைக்கலாம். இறைச்சிக் குழம்பில் சேர்க்கலாம். காடியாக்க விரும்பினால் அந்தப் பாத்திரத்தை மற்ற ஜாடிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஒன்றில் வளரும் கிருமியைப் பழ ஈ மற்றதற்குக் கொண்டு சேர்த்துவிடும்.

விதிமுறைகளும் உண்டு

சிங்கப்பூரில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் ஒயின், பியர் போன்ற நொதித்த பானங்களைத் தயாரிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. விற்பனை செய்யக் கூடாது. காய்ச்சி வடிக்கவும் கூடாது. தெரிந்தவர்தானே என்று காசு வாங்கிக்கொண்டு ஒரு போத்தல் கொடுப்பதும் விற்பனையே.

ஒயின் தயாரிப்பில் பெரிய அளவாகக் கருதப்படும் 23 லிட்டர் குடுவைகூட இந்த வரம்புக்குள் அடங்கும். அதிலிருந்து ஏறத்தாழ 30 போத்தல்கள் கிடைக்கும். ஆனால் முதன்முறையாகத் தயாரிப்போருக்கு ஐந்து லிட்டர் ஜாடி ஒன்றே போதும். அதோடு ஒரு 750 மில்லிலிட்டர் போத்தல், இரண்டு அரைப்போத்தல்கள் ஆகியவற்றையும் திராட்சை வாங்கும் நாளிலேயே கழுவி எடுத்துவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.