வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற ஸ்பீக்கர்

எங்கள் ஓவேலிப் பக்கம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா என்றால் முன்பெல்லாம் வால்வு ஆம்ப்ளிஃபையரும் குழாய் ஸ்பீக்கரும்தான். இவற்றை இணைக்க வாட்ஸ் மட்டும் பார்த்தால் போதாது, ஓமும் பார்க்கணும்.

இ.எல்.34 வால்வுகள் இரண்டு புஷ்-புல் முறையில் இயங்க சுமார் 3,400 ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ 8 அல்லது 16 ஓம்தான். நடுவே இருந்து பொருத்தி வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். சுற்று விகிதம் 20:1 என்றால் 20×20=400; 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 3,200 ஓமாகத் தெரியும். அதே முனையில் 4 ஓம் மாட்டினால் 1,600தான். வால்வு சூடேறும், சத்தம் கரகரக்கும். 16 ஓம் குழாய் இரண்டை பாரலலாகப் போட்டால் 8 ஓம் முனையில் கொடுக்கணும்.

மேட்டு லயத்துக்கு நீளமாக ஒயர் இழுத்தால்? ஒயரே 4 ஓம் என்றால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பும் பவரில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போச்சு. அதற்குத்தான் 100 வோல்ட் லைன். ஸ்பீக்கர் பக்கம் மாட்டும் 10 வாட்ஸ் லைன் டிரான்ஸ்ஃபார்மர் 1,000 ஓம் சுமை. அதன் முன் 4 ஓம் ஒன்றுமே இல்லை.

ஒன்றை மறக்காதீங்க. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு செட்டில் பாட்டு போடக் கூடாது. சுமை இல்லாவிட்டால் வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போய்விடும். அது எரிந்தால் மைக்செட்காரருக்கு அந்தத் திருவிழா வருமானமே போச்சு. ஆகவே சுவிட்சைப் போடும் முன் ஸ்பீக்கர் லைனை மீட்டரில் பாருங்கள்.