கருவிப்பையும் மடிக்கணினியும்

தச்சர் ஒருவர் உளி, வாள், இழைப்புளி, சுத்தியல் ஆகிய அனைத்தையும் ஒரே சாக்கினுட் போட்டுத் தோளிலிட்டுச் செல்லினும் அவற்றுக்குப் பெருங்கேடு விளைவதில்லை. இரும்பு இரும்போடு மோதும்; வாய் சிறிது மழுங்கும்; சாணை பிடித்தாற் கூர்மை மீண்டுவிடும். கம்பத்திலேறித் தந்திக் கம்பிகளைச் செப்பனிட்டோரின் தோற்பையும் இத்தகையதே. சிக்காகோ நகரிலே 1857 ஆம் ஆண்டு மதியாஸ் கிளைன் என்பார் தொடங்கிய தொழிலகம் அத்தகைய கம்பித் தொழிலாளரின் குறடுகளாற் பெயர்பெற்றது. அக்குறடுகள் பையிடம் வேண்டியது கீழே விழாமற் காத்தல் ஒன்றையே. இன்றோ களப்பணித் தொழில்நுட்பவியலாளரின் பையினுள்ளே முன்னோர் கண்டறியாத ஒரு விருந்தாளி புகுந்துள்ளது. அது மடிக்கணினி. மின்தூக்கியோ, மருத்துவப் பரிசோதனைப் பொறியோ, தொலைபேசிச் சாதனமோ, வங்கியின் பணம் வழங்கும் பொறியோ, எது பழுதுபட்டாலும் திருப்புளியைக் கையிலெடுக்குமுன் கணினியைப் பொருத்திப் பழுதின் குறியை வாசிப்பதே பெரும்பாலும் முதல் வேலையாகிவிட்டது. கண்ணாடித் திரையும் இரும்புச் சாவியும் ஒரே கூரையின்கீழ் வாழவேண்டிய இந்நிலையில் எத்தகைய பையைத் தெரிதல் வேண்டும் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் விடயம்.

இது சிறு விடயமன்றோ எனச் சிலர் நகைக்கக்கூடும். நாமும் ஒருகால் நகைத்தவரே. தொழிலிற் புகுந்த புதிதில், விலை மலிந்த பையொன்றிற் கருவிகளையும் கணினியையும் ஒன்றாகத் திணித்துக்கொண்டு, அயல் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றிற்கு மோட்டார் சைக்கிளிற் சென்றோம். வழியிலொரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. நாம் விழவில்லை, பையும் விழவில்லை. ஆயினும் அங்கே சென்று கணினியைத் திறந்தபோது, திரையின் நடுவே நட்சத்திரம்போல் வெடிப்பு. அதன் நேரெதிரே குழாய்ச் சாவியின் தலை. பழுதுபட்ட பொறியைப் பரிசோதிக்க வழியில்லாது போயிற்று. அதன் பொருட்டுக் காத்திருந்த நோயாளரை மறுநாள் வருமாறு அனுப்பினார்கள். அவர்களுள் வயோதிபப் பெண்ணொருத்தி ‘நாளைக்குக் கட்டாயம் சரிவருமோ, தம்பி?’ என்று வினவியபோது நாம் யாது கூறுவது? திரையின் விலை நம் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. அது மறந்துபோயிற்று, அவ்வம்மையாரின் வினா மறக்கவில்லை.

அன்று நாம் அறிந்துகொண்ட உண்மை யாதெனின், பையிலுள்ள கணினி கெடுவதற்கு அது கீழே விழவேண்டுவதில்லை என்பதாம். ஒரே புள்ளியில் விழும் அழுத்தம் போதும். பரந்த மேற்பரப்பில் வந்து மோதும் விசையை மென்பஞ்சு பகிர்ந்தளிக்கும்; திருப்புளியின் நுனியோ அப்பஞ்சைத் துளைப்பதுபோல் அமுக்கிக்கொண்டு கணினியைத் தொட்டுவிடும். ஆதலின் ‘பஞ்சு வைத்த அறை உண்டு’ என்று கடைக்காரர் கூறுவதை மட்டும் நம்பலாகாது. கருவியறைக்கும் கணினியறைக்கும் இடையே வளையாத தகடொன்று இருத்தல் வேண்டும். இதனைச் சோதித்தல் எளிது. ஒரு கையை வெறுமையான கணினியறையினுள் வைத்து, மறுகையின் பெருவிரலாற் கருவியறைப் பக்கத்திலிருந்து அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஒரு புள்ளியாக உள்ளங்கையில் உணரப்படின் அப்பையை அங்கேயே விட்டு வருதல் நன்று. அன்றியும், கணினியறையின் அடி பையின் அடியோடு ஒட்டியிராது இரண்டொரு விரற்கடை உயர்ந்து தொங்குதல் வேண்டும். பையைத் தரையிற் பொத்தென்று வைப்பது தொழிலாளர் அனைவர்க்கும் உள்ள வழக்கம், அறிவுரையால் மாறுவதன்று. கணினியை உள்ளே வைக்கும்போது அதன் மூடி கருவிகளுக்கு எதிர்ப்புறமாகவும் அடிப்பாகம் கருவிகளை நோக்கியும் இருத்தல் நன்று.

இனி அளவு. பதினைந்தரை அங்குலக் கணினிக்கு ஏற்ற பை என்று சீட்டிலே அச்சிட்டிருக்கும். அவ்வளவு திரையின் மூலைவிட்ட நீளமேயன்றிக் கணினியின் நீளமன்று. 15.6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 34.5 சதமமீற்றர், உயரம் 19.4 சதமமீற்றர். திரையைச் சூழ்ந்த சட்டமும் விசைப்பலகையின் கீழ்ப்பகுதியும் கணினிக்குக் கணினி வேறுபடும். தடிப்போ சீட்டிற் சொல்லப்படுவதேயில்லை. 1996 இல் பனசோனிக் நிறுவனம் வெளியிட்ட ‘ரவ்புக்’ முதலாய உறுதிமிக்க கணினிகளை மெலிந்த அறைகளில் நுழைக்கவே இயலாது. கணினியைக் கையோடு கொண்டுசென்று வைத்துப் பார்த்து வாங்குக. உறுதிமிக்க கணினிக்குப் பை எதற்கு என்பாரும் உளர். அமெரிக்க இராணுவத் தரச்சோதனையின்படி 122 சதமமீற்றர் உயரத்திலிருந்து 26 முறை வீழ்த்தியும் கெடாதது என விளம்பரஞ் செய்வர். அச்சோதனையில் 26 வீழ்ச்சிகளையும் ஐந்து கணினிகள் வரை பங்கிட்டுக்கொள்ள இடமுண்டு என்பதை விளம்பரம் சொல்லாது.

பாரத்தைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும். இத்தொழிலில் நாற்பது வயதுக்கு மேற் பலர் முதுகைப் பற்றியே பேசுகின்றனர். கணினியும் மின்னேற்றியும் சேர்ந்து இரண்டரைக் கிலோகிராம். மல்ரிமீற்றர், குறடுகள், சாவிகள், பற்றாசுக்கோல், வடங்கள் என ஐந்தாறு கிலோகிராம். வார்ப்பு அடியும் இடைத்தகடும் உடைய நல்ல பையாயின் வெறுமையாகவே மூன்று கிலோகிராம் வரை நிறுக்கும். ஆக, பத்துக்கும் மேல். அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு சுகாதார நிறுவகம் 1991 இல் திருத்திய சூத்திரத்திலே, மிக உகந்த நிலையிற் கூட ஒருவர் தூக்கத்தக்க பாரம் 23 கிலோகிராமே எனக் கொண்டது. உகந்த நிலையென்பது பாரத்தை உடலோடு அணைத்து, இடுப்பளவிலே, இரு கைகளாலும், உடலைத் திருகாது தூக்குவது. ஒற்றைத் தோளிற் பையைத் தொங்கவிட்டு நான்காம் மாடிக்குப் படியேறுவோர்க்கு அந்நிலை ஏது? மூன்று மாதம் தொடாத கருவியைப் பையிலிருந்து அகற்றிவிடுதல் எந்தப் புதுப் பையினும் பெரிய நன்மை தரும். நாம் ஒருமுறை அவ்வாறு கொட்டிப் பார்த்தபோது ஒன்றரைக் கிலோகிராம் வெளியே வந்தது. அதிற் பாதி, எதற்குரியவை என்றே அறியாத திருகாணிகள்.

சில்லுப் பூட்டிய பைகள் விமான நிலையத்துக்கும் வழுவழுப்பான நடைபாதைக்கும் பொருந்தும். நம் ஒழுங்கைகளிலும் கோபுரங்களின் அடியிலும் சில்லு மண்ணை வாரிக்கொள்வதற்கே பயன்படும். வானில் செல்வோர்க்கு வாய் அகன்ற கைப்பையே வசதி. திறந்தவுடன் எல்லாம் கண்ணிற் படும். மோட்டார் சைக்கிளிற் செல்வோர் நிலையோ வேறு. இரும்புக் கருவிகளை முதுகிற் சுமந்து வீழின் அவை முள்ளந்தண்டுக்கே பகையாகும்; கணினியைப் பின்தாங்கியிற் கட்டினால் வழி முழுவதும் அதிர்ச்சி அதனையே சாரும். ஆகையால் இவர்கட்கு ஒரே பை என்ற ஆசையை நாம் ஆதரிப்பதில்லை. கணினி முதுகிலும் கருவிகள் பின்தாங்கியிலும் செல்லட்டும்.

துணியைக் குறித்து ‘டெனியர்’ என்றொரு சொல் வழங்குகின்றது. 9000 மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 1680 டெனியர்த் துணியின் நூல் 600 டெனியர் நூலினும் பருமனானது என்பதே இதனாற் பெறப்படுவது. நெசவின் நெருக்கமும் தையலின் உறுதியும் அவ்வெண்ணில் அடங்கா. நைலோன் உராய்வைத் தாங்குவதில் மேம்பட்டது. பொலியெஸ்ரர் வெயிலைத் தாங்குவதில் மேம்பட்டது. நீர் புகாமைக்காக உட்புறம் பூசப்படும் பொலியுறேதேன் பூச்சு, ஈரலிப்பு மிகுந்த நம் நாட்டிற் சில ஆண்டுகளிற் பிசுபிசுத்து உதிர்வதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தனி உறையொன்றே தக்கது. பை பழுதாவது பெரும்பாலும் துணியாலன்று, சிப்பினாலேயே. சிப்பின் எண் ஏறத்தாழ மூடிய பல்வரிசையின் மில்லிமீற்றர் அகலத்தைக் குறிக்கும். கருவியறைக்கு 10 ஆம் எண் வேண்டும், 5 ஆம் எண் போதாது. கடற்கரையோரத்தில் உலோகப் பற்கள் உப்புக் காற்றிற் பூத்துப்போகும்.

வேறுசில எச்சரிக்கைகளும் உள. உறக்கநிலையிலுள்ள கணினி பையினுள்ளே தானாக விழித்துச் சூடேறுவதுண்டு. முற்றாக நிறுத்திய பின்னரே வைக்க வேண்டும். காந்தத் தட்டு அருகிலிருப்பின் மூடியின் உணரி ஏமாந்து, திறந்த கணினியும் உறங்கிவிடும். பழுதென மயங்கிப் பலர் அலைந்திருக்கின்றனர். குளிரூட்டிய அறையிலிருந்து வெளிவந்தவுடன் கணினியைத் திறந்தால் அதன்மீது ஈரம் படியும்; சிறிது நேரம் பையிலேயே விடுக.

கடல் கடந்து பணிபுரியும் பழைய மாணவர்க்கு ஒன்று. விமானத்தில் மேலதிக இலிதியம் மின்கலங்களைச் சரக்கறையில் இடலாகாது. 100 உவாற்று-மணிக்கு மேற்படாதவற்றைக் கையோடு கொண்டுசெல்லலாம். கருவிகளோ இதற்கு மாறு. அமெரிக்காவில் 7 அங்குலத்துக்கு மேற்பட்ட கருவிகள் சரக்கறைக்கே செல்ல வேண்டும். எனவே கணினியறை தனியே கழன்று வரும் பையே அவர்க்கு உரியது.

இப்போதுதான் தொழில் பயிலும் மாணவர்க்கு விலையுயர்ந்த பை எட்டாது. அவர்க்கு நாம் கூறுவது இது: வீட்டிலுள்ள உறுதியான புத்தகப் பையை எடுத்து, சமையலறையிற் காய்கறி வெட்டும் பிளாஸ்ரிக் பலகை போன்ற ஒன்றை, கணினியிலும் ஒரு விரல் அகலங் கூடுதலாக அறுத்து, ஓரங்களை அரத்தால் உருட்டி, இரண்டு அறைகளுக்கும் நடுவே செருகுக. அடியிற் பழைய நுரைமெத்தைத் துண்டொன்றை இடுக. கருவிகளைத் துணியிற் சுருட்டிக் கட்டி மறுபுறம் வைக்கலாம்.