சின்னக்கானல் யானைப் பெயர்களில் ஒலியும் பொருளும்

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும் நன்னூல் மரபு அனைவரும் அறிந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பு இல்லை என்று சசூர் கூறினார். தொல்காப்பியரோ காரணமே இல்லை என்று கூறவில்லை. அது வெளிப்பட விளங்காது என்றே உரியியலில் கூறினார். இவ்வேறுபாடு சிறிதெனினும் கருதத்தக்கது. அகராதியில் இல்லாத ஒரு பெயரை மக்கள் புதிதாகப் படைக்கும்போது அக்காரணம் எவ்வாறு தொழிற்படுகிறது, அப்பெயர் மொழியெல்லையைக் கடக்கும்போது அதற்கு என்ன நேர்கிறது என்னும் வினாக்களை, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் பகுதியில் காட்டுயானைகளுக்கு வழங்கிய பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒலிக்குறியீடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பொருளற்ற ஒலித்தொடர்களையே எடுத்துக்கொண்டன. 1929-இல் எட்வர்டு சபீர் 'மில்', 'மல்' என்னும் இரண்டனுள் எது பெரிய மேசையைக் குறிக்கும் என்று வினவியபோது ஏறத்தாழ நூற்றுக்கு 80 பேர் அகரம் உடையதையே பெரிது என்றனர். 2001-இல் இராமச்சந்திரனும் ஹப்பர்டும் எழுதிய கட்டுரைக்குப் பின் 'பூபா', 'கீகீ' என்னும் இணை புகழ்பெற்றது. 25 மொழிகளைப் பேசுவோரிடம் நடத்தப்பெற்று 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவ்விணையை எதிர்பார்த்தவாறு பொருத்தியோர் ஏறத்தாழ நூற்றுக்கு 72 பேர் எனக் காட்டியது. இவை மதிக்கத்தக்க முடிவுகளே. எனினும் மக்கள் படைக்கும் பெயர் வெறுஞ்செவியில் விழுவதன்று. ஏற்கெனவே ஒரு மொழி குடியிருக்கும் செவியில் விழுகிறது. அண்டைமொழியும் உறவுமொழியும் ஆகிய தமிழ், மலையாளம் இரண்டிற்கும் இடையே இது மேலும் கூர்மை பெறுகிறது.

சின்னக்கானல் ஏலமும் தேயிலையும் விளையும் மலைப்பகுதி. தோட்டத் தொழிலாளருள் தமிழர் மிகுதி; அரசு அலுவல் மொழி மலையாளம். அருகிலுள்ள ஊர்ப்பெயர்களான பூப்பாறை, ஆனையிறங்கல் ஆகியன இரு மொழியினர்க்கும் விளங்குவன. இச்சூழலில் பிறந்த பெயர்களுள் மிகவும் பரவியது அரிக்கொம்பன்.

அரிக்கொம்பன்

மலையாளத்தில் 'அரி' என்பது அரிசி. 'கொம்பன்' என்பது தந்தமுடைய ஆண்யானை. பன்னியாறு எஸ்டேட்டு நியாயவிலைக் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றமையால் வந்த தெளிவான காரணப்பெயர் இது. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட இந்த யானை, மே 27 அன்று தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள் நுழைந்தது. யானையோடு பெயரும் எல்லை தாண்டியது.

தமிழ்ச் செவிக்கு 'அரி' அரிசியன்று. சிங்கம், திருமால், அரிதல் வினை எனப் பலபொருள் தரும் சொல் அது. வயலில் அறுத்துவைத்த கையளவு கதிரை 'அரி' என்னும் வழக்கு உழவரிடையே உண்டெனினும் நகரத்தார் நினைவுக்கு அது எளிதில் வாராது. 'கொம்பன்' என்பதோ, "நீ என்ன பெரிய கொம்பனா?" என்று செருக்குடையவனை வினவும் பேச்சுவழக்கை உடன் அழைத்துவருகிறது. ஆகவே அரிசி தின்னும் யானை, சிங்கம் போன்ற முரட்டு யானையாக மாறிவிடுகிறது.

இங்கு உயிரொலிகளைவிட ஒரு மெய்யே மிகுதியான பொருளைச் சுமக்கிறது. 'அரிக்கொம்பன்' என வலி மிகும்போது அரியை உண்ணும் கொம்பன் என உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். ஒற்று நீங்கி 'அரிகொம்பன்' எனின், 'சுடுகாடு' போல வினைத்தொகையாகி, அரிந்த, அரிகின்ற, அரியும் கொம்பன் என்று முக்காலமும் வெட்டுகின்ற விலங்காகிறது. ஒலிப்பிலும் வன்மையான இரட்டைக் ககரம் நீங்கி மெலிந்த ஒற்றைக் ககரம் நிற்கிறது. ஆங்கில எழுத்தில் ககரம் ஒன்றே இடப்படுவதால், ஆங்கிலத்தின் வழியே தமிழாக்குவோர்க்கு இப்பிழை எளிது. இதனை எழுத்துப்பிழை என ஒதுக்கிவிட இயலாது. அப்பெயரே ஓர் எச்சரிக்கை: அரிசி உள்ள இடத்திற்கு இந்த யானை வரும் என்பது அதன் செய்தி. கம்பத்தில் தடையுத்தரவு போடப்பட்ட நாள்களில் மக்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி அதுவே. ஒற்றை விட்டவர் அச்சத்தை மட்டும் மொழிபெயர்த்தார். சூன் 5 அன்று தேனி மாவட்டத்தில் மீண்டும் பிடிக்கப்பட்ட அந்த யானை களக்காடு முண்டந்துறைப் பகுதியில் விடப்பட்டது.

'அரிசிக்கொம்பன்' எனத் தமிழாக்குவது பொருளைக் காக்கும். ஆனால் அது தமிழர் இடும் பெயர் போன்றதன்று. பொள்ளாச்சி அருகே 2019 நவம்பரில் பிடிக்கப்பட்ட யானைக்கு மக்கள் வழங்கிய பெயர் 'அரிசி ராஜா'. உணவும் பழக்கமும் ஒன்றே. மலையாளம் தந்தத்தைச் சுட்ட, தமிழ் பட்டம் சூட்டுகிறது.

பிற பெயர்கள்

சக்கக்கொம்பனின் நிலை இன்னும் சிக்கலானது. மலையாளத்தில் சக்க என்பது பலா. குமரிமாவட்டத் தமிழரும் பலாவைச் சக்கை என்பர். பிற தமிழர்க்கோ சக்கை என்பது பிழிந்தெடுத்த பின் எஞ்சுவது. 'சக்கைப்போடு' என்னும் வழக்கின் துள்ளலும் உடன் கேட்கக்கூடும். 2024-இல் இறந்த முறிவாலனுக்கு இத்தொல்லை இல்லை; முறிந்த வாலுடையது என்பது இரு மொழியிலும் ஒன்றே.

மூணாற்றுப் படையப்பா எதிர்த்திசையில் சென்ற பெயர். 1999-இல் வந்த தமிழ்த் திரைப்படத்தின் பெயர் அது. மலையாள எழுத்தில் அது 'படயப்ப' எனக் குறுகுகிறது; ஈற்று நெடிலோடு விளியின் ஓசையும் போய்விடுகிறது.

பாலக்காட்டில் 2023 சனவரி 22 அன்று பிடிக்கப்பட்ட பி.டி.-7 என்னும் யானைக்கு அவ்வூர்ப் பெயரே சூட்டப்பெற்றது. மூல ஒலிப்பில் முதலெழுத்து மூச்சொலியுடைய தகரம், இடையில் ணகரம். தமிழில் 'தோணி' என்றால் படகு, 'தோனி' என்றால் மட்டைப்பந்து வீரர். எதனை எழுதினாலும் ஊர் மறைகிறது. 'பாலக்காட்டுத் தோணி' என்று இடத்தை இணைத்தே எழுதவேண்டும்.

சபீரின் முடிவு நினைவுக்கு வரும் இடம் கோவைச் சின்னத்தம்பி. சின்ன, சிறு, சிட்டு என இகரம் சிறுமையொடு சேர்வது தமிழில் பரவலாகக் காணப்படுகிறது. 2019-இல் அந்தப் பெரிய யானைக்காக மக்கள் இரங்கிக் குரலெழுப்பியதில் இப்பெயரின் குழைவுக்கும் பங்குண்டு எனலாம். முறைப்பெயரின் பங்கையும் இகரத்தின் பங்கையும் பிரித்தளப்பது எளிதன்று.

ஊர்ப்பெயரும் இவ்வகையில் தப்பவில்லை. தமிழில் 'கானல்' என முதலசை நீள்கிறது. மலையாளத்தில் 'சின்னக்கனால்' என நீட்சி அடுத்த அசைக்கு நகர்கிறது. தமிழ்ப்படுத்துவோர் மலையாள வடிவைக் கண்டு எழுத்துக்கு எழுத்தாக எழுதினால், மலைச்சரிவில் இல்லாத வாய்க்கால் ஒன்றைப் படிப்பவர் தேடவேண்டிவரும்.